பைக்கில் ஒட்டிய பாகம் கழன்று வரவில்லையா? பெயின்டைக் காப்பாற்றிக் கழற்றும் வழிமுறை

டேங்க் பேட், முழங்கால் கிரிப், மொபைல் ஹோல்டரின் அடித்தட்டு, ஆக்‌ஷன் கேமரா மவுண்ட், எம்ப்ளம், பக்கவாட்டுப் பாதுகாப்புப் பட்டை. இவற்றில் எதையாவது ஒட்டி ஒன்றிரண்டு வருடம் ஓட்டியிருப்பீர்கள். இப்போது வேண்டாம் என்று கழற்ற உட்கார்ந்தால் உடும்புப்பிடியாக நிற்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: பாகத்தையும் பசையையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடப் பார்ப்பது.

இவை இரண்டு தனித்தனி வேலைகள். முதலில், பாகத்தைப் பிடித்திருக்கும் இருபக்க டேப்பின் நுரையை அறுத்துப் பாகத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பசை பெயின்ட் மேலேயே கிடக்கட்டும், அதைப் பற்றி அப்போது கவலைப்படாதீர்கள். பாகம் கைக்கு வந்த பிறகு, பசையைத் தனியாக, வேறு முறையில் எடுக்க வேண்டும். பெயின்ட் பெயர்ந்துபோன வண்டிகளை நான் பார்த்த வரையில், இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கவனம்? கம்பெனியில் அடித்த பெயின்டில் பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான். அதாவது நீங்கள் காப்பாற்றப் பார்ப்பது ஓரிரு முடி தடிமனுள்ள ஒரு தோலை. அதற்கு எதிரே நிற்பது அக்ரிலிக் நுரை டேப். 3எம் நிறுவனம் 1980-ல் விஎச்பி என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. இன்று பல நிறுவனங்கள் இதே வகையைத் தயாரிக்கின்றன. உலோகத் தகடுகளை ரிவெட் இல்லாமல் இணைப்பதற்கென்றே வந்த பொருள். ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பலம், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுப் பலம். நேற்று ஒட்டியதை இன்று எடுப்பதும், இரண்டு வருடம் வெயிலில் நின்றதை எடுப்பதும் ஒன்றல்ல.

இந்த நுரைக்கு ஒரு குணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடிக்கும். மெதுவாக, விடாமல் இழுத்தால் ஜவ்வாக இளகிக் கொடுக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த வேலைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். கீழே சொல்லும் வழிகள் எல்லாமே இந்தக் குணத்தை வைத்துத்தான்.

தொடங்கும் முன்

வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பாகத்தைச் சுற்றி ஷாம்பு தண்ணீரால் கழுவுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். பாகத்தின் ஓரத்தில் மண்ணும் தூசியும் ஒரு கரைபோலப் படிந்திருக்கும். அதன்மேல் நூலை இழுத்தால், நூல் அந்த மண்ணைப் பெயின்ட் மேல் இழுத்துக்கொண்டு போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கோடு விழும். பழைய பல் பிரஷ்ஷால் ஓரத்து மண்ணை எடுத்துவிட்டு ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாகத்தைச் சுற்றி ஒரு விரலகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கை வழுக்கினாலும் நகமோ மோதிரமோ பெயின்டில் படாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, எந்தப் பசை என்று பாருங்கள். ஓரத்தில் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் ரப்பர் போல இழுபடும் நுரை தெரிந்தால் அக்ரிலிக். வெள்ளையாக, கிள்ளினால் உதிரும் நுரை என்றால் மலிவான டபுள் சைடு டேப்; அதன் பசை பெரும்பாலும் ரப்பர் வகை. கண்ணாடிபோல இறுகி, நகம் பட்டால் டக் டக் என்று சத்தம் வந்தால் இன்ஸ்டன்ட் பசை. கொழகொழவென்று அமுங்கும் ரப்பராக இருந்தால் சிலிகான். கடைசி இரண்டுக்கும் தனி வழி, கீழே சொல்கிறேன்.

எவ்வளவு நெம்பினாலும் அசையவில்லை

நெம்புவதை உடனே நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர், கத்தி, சாவி எதுவும் வேண்டாம். நெம்பும்போது முழு விசையும் கருவியின் முனை படும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. பாகம் எழும்பும் முன் அந்தப் புள்ளியில் பெயின்ட் நசுங்கிவிடும். தகட்டு டேங்க் என்றால் பள்ளமும் விழும்.

முதலில் சூடு, பிறகு நூல்.

சூடு என்றதும் ஹீட் கன்னைத் தேடாதீர்கள். அதன் வாயில் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடப் போகும். நமக்குத் தேவை 50 முதல் 60 டிகிரிதான். அந்தச் சூட்டில் நுரை நன்றாக இளகிவிடும், பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. ஃபேரிங் எனும் முன்பக்க உறை, பக்கவாட்டு மூடி போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது 100 டிகிரியை ஒட்டி மென்மையாகி வளையத் தொடங்கும். ஹீட் கன்னால் ஒரே இடத்தில் சில வினாடி காட்டினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

டேங்கில் என்னுடைய வழி வெந்நீர்த் துணிதான். ஹேர் டிரையரைக்கூட நான் டேங்க் அருகே கொண்டுபோவதில்லை. அதற்குள் சிவக்கச் சூடாகும் கம்பிச்சுருள் இருக்கிறது; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக வெளியேறி, காற்றோட்டம் இல்லாத இடத்தில் கீழே தங்கிவிடும். கை தாங்கும் அளவுக்குச் சற்று மேலான வெந்நீரில் தடித்த துண்டை நனைத்து, பிழிந்து, பாகத்தின்மேல் போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மூடிவிடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியை மாற்றி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாக விடுங்கள். வெந்நீர்ப் பை இருந்தால் இன்னும் வசதி, தண்ணீர் வழியாது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் கறுப்பு வண்டியை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தினால் பாதி வேலை தானாக முடிந்திருக்கும்.

டேங்க் அல்லாத பாகங்களில், அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட முடிந்தால் ஹேர் டிரையர் சரி. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். அளவு பார்க்க உள்ளங்கையே போதும். பக்கத்துப் பெயின்டில் கையை வைத்தால் மூன்று வினாடி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சூடு அதிகம், ஆறவிடுங்கள்.

சூடு ஏறியதும் நூல். தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு, அல்லது பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல், இரண்டில் எதுவானாலும் சரி. இரும்புக் கம்பியோ கிட்டார் கம்பியோ கூடாது. அரை மீட்டர் நீளம் எடுத்து, இரண்டு முனையையும் இரண்டு சின்னக் குச்சிகளில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், விரலை அறுக்காது. நுரையும் பாகமும் சேரும் கோட்டில் நூலை வையுங்கள், பெயின்டை ஒட்டி வேண்டாம். மேல் மூலையிலிருந்து, ரம்பம் போல இடமும் வலமுமாக நீண்ட இழுப்பாக இழுத்தபடி கீழே வாருங்கள். நூல் முழுக்கப் பாகத்தின் அடிப்பக்கத்தை உரசியபடி போக வேண்டும். பெயின்டுக்கும் நூலுக்கும் நடுவே நுரை ஒரு மெத்தையாகக் கிடக்கும். இந்த ஒரு விஷயம் சரியாக இருந்தால் கீறல் விழ வாய்ப்பே குறைவு.

நூல் பாதி தூரம் போனதும் ஓரம் லேசாகத் திறக்கும். குனிந்து பார்த்தால் நுரை இழைஇழையாக நீண்டு நிற்பது தெரியும். அந்த நேரத்தில் கை தானாக இழுக்கப் பரபரக்கும். இழுக்காதீர்கள். அந்தத் திறப்பை அப்படியே அரை நிமிடம் பிடித்துக்கொண்டு இருங்கள். இழைகள் மெலிந்து, ஒவ்வொன்றாக அறுந்து பின்வாங்கும். அப்புறம் நூலை மறுபடி ஓட்டுங்கள்.

கேமரா மவுண்ட் போலச் சின்னதாக, கெட்டியாக இருக்கும் பாகத்தை, சூடு காட்டிய பிறகு மெதுவாகத் திருகியும் எடுக்கலாம். நேராக மேலே இழுப்பதைவிடப் பக்கவாட்டில் திருகும்போது நுரை சீக்கிரம் அயர்ந்துவிடும். ஒரு திசையில் அழுத்தி அரை நிமிடம் நிறுத்துங்கள், பிறகு எதிர்த்திசையில். நான்கைந்து முறையில் வந்துவிடும்.

சூடு காட்டியும் இளகவில்லை

டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நிறைய இருந்தால், நீங்கள் வெளியே ஏற்றும் சூட்டையெல்லாம் உள்ளே பெட்ரோல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முழங்கால் கிரிப்பின் மேல்பகுதி இளகி, கீழ்ப்பகுதி மட்டும் கல்லாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்ரோல் மட்டம் அந்தக் கோட்டில் நிற்கிறது. வண்டியை ஓட்டி டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதி நேரத்தில் முடியும். விளிம்பு வரை நிரப்பிய டேங்கைச் சூடாக்குவது வேறு விதத்திலும் தப்பு: பெட்ரோல் விரிந்து மூடி வழியாகக் கசியும்.

இன்னொரு காரணம், பாகம் தடித்த ரப்பராக இருப்பது. சூடு அதைக் கடந்து பசைக்குப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். சூட்டைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். பத்து நிமிடத்துக்குப் பதில் இருபத்தைந்து நிமிடம்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

சில பாகங்களில் டேப்போடு சின்ன பிளாஸ்டிக் முளையோ திருகோ ஒளிந்திருக்கும். எம்ப்ளங்களில் இது அதிகம். பின்னால் இரண்டு மூன்று குச்சிகள் பேனலின் துளைக்குள் இறங்கியிருக்கும். ஒரே இடத்தில் நூல் திரும்பத் திரும்ப அறுந்தால் அங்கே முளை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பேனலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அதை அறியாமல் இழுத்தால் துளையைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விடும்.

முளை எதுவும் இல்லையென்றால், நுரை மறுபடி ஆறி இறுகியிருக்கிறது. நூலை நிறுத்தி மீண்டும் சூடு. நரம்பைக் கொஞ்சம் ஷாம்பு தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஓரம் எழும்புகிறது, கூடவே பெயின்டும் எழும்புகிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரியும். நுரை பிரியும்போது சத்தமே இருக்காது, அல்லது மெதுவான ஒரு இழுவைச் சத்தம். பெயின்ட் பிரியும்போது காய்ந்த சருகு நொறுங்குவது போல ‘சடக்’ என்று சின்னதாகக் கேட்கும். அதைக் கேட்ட நொடியில் கையை எடுங்கள்.

என் முதல் வண்டியில் ஒரு குளிர்கால விடியற்காலையில், சூடு காட்டாமல், முழங்கால் கிரிப்பின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிளியர் கோட் சில்லாகப் பெயர்ந்து வந்தது. அந்தச் சில்லைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடியில் டேங்கின் நீலம் ஒரு பொடிபோல ஒட்டியிருந்தது. அன்றைக்குத் தோன்றிய வருத்தம் இன்றும் நினைவிருக்கிறது. குளிரில் நுரையும் விறைத்திருக்கும், பெயின்டும் விறைத்திருக்கும். இரண்டும் வளைந்து கொடுக்காதபோது, எது மெல்லியதோ அது உடையும்.

எழும்பிய இடத்தை அப்படியே அழுத்தி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்திவையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடராதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாகச் சூடு காட்டி, நூலை இன்னும் மேலே, பாகத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வாருங்கள். கடைசியில் அந்த மூலை வரும்போது, பாகத்தை மேலே தூக்காமல், நூல் மட்டுமே அறுக்கும்படி விடுங்கள்.

ஏன் எழும்பியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். டேங்க் ஏற்கெனவே ஒருமுறை மறுபெயின்ட் அடிக்கப்பட்டு, பழைய பரப்பைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருக்கலாம். பாகத்தின் ஓரத்தில் கல் பட்டு, தண்ணீர் இறங்கி, அடியில் துரு ஓடியிருக்கலாம். அல்லது புதுப் பெயின்ட் முழுக்கக் காயும் முன்பே பாகத்தை ஒட்டியிருக்கலாம். மறுபெயின்ட் அடித்த பரப்பு உள்ளுக்குள் இறுகப் பல வாரங்கள் ஆகும். ஒரு மாதமாவது எதையும் ஒட்டாமல் விடுவது நல்லது. துரு என்றால் நீங்கள் எவ்வளவு கவனமாகக் கழற்றினாலும் அந்த இடம் பெயரத்தான் போகிறது. அதில் உங்கள் கைப்பிசகு எதுவும் இல்லை. சீக்கிரம் கழற்றி, துருவை நிறுத்துவதுதான் அப்போது முக்கியம்.

வந்துவிட்ட சில்லை மறுபடி ஒட்டப் பார்க்க வேண்டாம். அந்த இடத்தை உலர வைத்து, டச்சப் பெயின்ட் தொட்டு, காய்ந்ததும் மேலே கிளியர் தொடுங்கள். உலோகம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே பிரைமராவது தொட்டுவிடுங்கள்; ஈரம் பட்டால் ஒரே இரவில்கூடத் துரு தொடங்கும்.

பாகம் வந்துவிட்டது, நுரை முழுக்கப் பெயின்டிலேயே நிற்கிறது

நல்ல செய்தி. இப்படித்தான் வர வேண்டும். இனி அவசரமே இல்லை.

மறுபடி கொஞ்சம் சூடு காட்டிவிட்டு, கட்டைவிரலின் சதைப்பகுதியால் ஓரத்திலிருந்து நுரையைத் தள்ளி உருட்டுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். முதலில் ஒரு சின்ன உருண்டை உருவாகும். அந்த உருண்டையை அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு போனால், அது போகிற வழியில் இருப்பதையெல்லாம் தன்னோடு சுருட்டிக்கொள்ளும். பசைக்குப் பசையின் மேல்தான் பிடிப்பு அதிகம். இதே காரணத்தால், மிச்சம் இருக்கும் மெல்லிய திட்டுகளின் மேல், நீங்கள் எடுத்துப்போட்ட நுரை உருண்டையாலேயே ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

நுரை நீளமாக, முழுசாக இருந்தால் ஒரு முனையைப் பிடித்து, பரப்போடு ஒட்டிய மாதிரி தாழ்வாக, பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுங்கள். மேல்நோக்கிச் செங்குத்தாக இழுக்காதீர்கள். தாழ்வாக இழுக்கும்போது நுரை நீண்டு மெலிந்து தானாகப் பிடி விடும். ரிம் டேப், ஸ்டிக்கர் எடுப்பதற்கும் இதே கோணம்தான்.

விரல் வலித்தால் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை மெல்லிய துணியால் சுற்றிக்கொண்டு தள்ளலாம். வெறும் அட்டையின் மூலை கறுப்புப் பெயின்டில் தடம் போடும்.

டிரில்லில் மாட்டித் தேய்க்கும் ரப்பர் சக்கரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கார் கதவு போன்ற பெரிய, தட்டையான, கம்பெனி பெயின்ட் உள்ள பரப்பில் கைப்பழக்கம் உள்ளவர் பயன்படுத்தலாம். பைக் டேங்கின் வளைவுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும்; அங்கே அந்தச் சக்கரம் கிளப்பும் சூடு நொடிப்பொழுதில் பெயின்டைத் தீய்த்துவிடும். பைக்குக்கு வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

நுரை போய்விட்டது, பிசுபிசுப்பு போகவில்லை

இங்கேதான் திரவங்கள் வருகின்றன. எதில் தொடங்குவது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: எது மென்மையோ அது முதலில்.

முதலில் ஏதாவது ஒரு தாவர எண்ணெய் அல்லது குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய். துணியில் தோய்த்துப் பிசுபிசுப்பின் மேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டுத் தேய்த்தால், லேசான பசை அதிலேயே போய்விடும். போகாவிட்டால் மண்ணெண்ணெய், அல்லது டபிள்யூடி-40. ரப்பர் வகைப் பசையை இவை நன்றாகக் கரைக்கும். அக்ரிலிக் பசை கரையாது, ஊறி உப்பும். ஆகவே தடவியதும் தேய்க்கத் தொடங்காமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். உப்பிய பிறகு விரலால் தள்ளினால் சுருண்டு வரும். மண்ணெண்ணெய் பயன்படுத்தினால் காற்றோட்டமான இடத்தில், இன்ஜினும் சைலன்சரும் ஆறிய பிறகு மட்டும். துணியை வெளியே விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

கடைசியில் எண்ணெய்ப்பசை போக, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். துணியில் நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஊற வைக்காதீர்கள்.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி மூன்றையும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். கம்பெனி பெயின்ட் கொஞ்சம் தாங்கினாலும், பக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்தே விடும். பெட்ரோலும் வேண்டாம். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் பலர் அதில் துணியை நனைக்கிறார்கள்; தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், டேங்க் ஸ்டிக்கரின் ஓரங்களில் இறங்கி அவற்றையும் கிளப்பிவிடும்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த பசை நீக்கிகள் பெயின்ட் மேல் அருமையாக வேலை செய்யும். பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் மட்டும் அவற்றை வைக்காதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக்கை மழுங்கடித்துவிடும்.

துணியில் வண்டியின் நிறம் வருகிறது

நிறுத்துங்கள். மேலே கிளியர் கோட் இல்லாத பெயின்ட், அல்லது மறுபெயின்ட் அடிக்கும்போது காற்றில் காயும் மலிவான வகையை அடித்திருக்கிறார்கள். தொட்டுப் பாருங்கள். பரப்பு பிசுக்கென்று ஒட்டினால் பெயின்டே இளகியிருக்கிறது. கையோ துணியோ படாமல் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள், பெரும்பாலும் மறுபடி இறுகிவிடும். பிறகு எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் விரலும் மட்டுமே கருவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திரவத்தையும் முதலில் சீட்டுக்கு அடியில் மறையும் டேங்கின் பின்விளிம்பில் ஒரு பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டால் இந்த நிலைமையே வராது.

பளபளப்பு மங்கி, வெள்ளையாகப் புகைபடிந்த மாதிரி இருக்கிறது

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பல நேரம் அது எண்ணெயும் பசையும் கலந்த மெல்லிய படலம்தான், போய்விடும். கழுவியும் நின்றால், தேய்ப்பில் விழுந்த நுண்கீறல்கள். நல்ல ஃபினிஷிங் பாலிஷை மென்மையான ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு எடுத்து, கையாலேயே தேய்த்தால் சரியாகும். கரடுமுரடான கட்டிங் காம்பவுண்டில் தொடங்காதீர்கள்.

ஏபிஎஸ் பேனலில், வளைந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு தெரிந்தால் அது பெயின்ட் அல்ல. நெம்பியதில் பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் இழுபட்டு வெளுத்திருக்கிறது. பாலிஷ் அதற்கு உதவாது.

பாகம் இருந்த இடம் அச்சுக் குத்தியது போலத் தெரிகிறது

கையால் தடவினால் எதுவும் தட்டுப்படாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். பாகத்துக்கு அடியில் வெயில் படாத பெயின்ட் புது நிறத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் உள்ளதுதான் வெளுத்துவிட்டது. ஆகவே பாகம் இருந்த இடத்தைத் தேய்ப்பதில் பயனில்லை. சுற்றியுள்ள பகுதியை மெதுவாகப் பாலிஷ் செய்தால் வெளுத்த மேல்தோல் கொஞ்சம் நீங்கி, வித்தியாசம் குறையும். சிவப்பு வண்டிகளில் இந்தத் தடம் பளிச்சென்று தெரியும், வெள்ளையில் கண்டுபிடிக்கவே கஷ்டம். முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மிச்சம் இருப்பதைக் கொஞ்ச காலம் வெயிலே சமன் செய்யும்.

கையில் தட்டுப்பட்டால் அது நிறத்தடம் அல்ல. பசையின் விளிம்பு இன்னும் இருக்கிறது; எண்ணெயிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

மேட் ஃபினிஷ் பெயின்ட்

மேட் பரப்பு மங்கலாகத் தெரிவது அதன் நுண்ணிய சொரசொரப்பால். தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு மழுங்கி அங்கே மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழி கிடையாது. பாலிஷ், மேஜிக் ஸ்பாஞ்ச் இரண்டும் விலக்கு. சூடு, நூல், ஒற்றி எடுத்தல், நீர்த்த ஆல்கஹாலில் ஒற்றுதல், இவ்வளவுதான். துடைப்பதுகூட ஒற்றுவது போலத்தான் இருக்க வேண்டும். நேரம் மூன்று மடங்கு ஆகும், ஆகட்டும்.

பசை கண்ணாடியாக இறுகியிருக்கிறது, அல்லது சிலிகான்

கழன்ற பாகத்தை மறுபடி ஒட்ட யாரோ இன்ஸ்டன்ட் பசை விட்டிருப்பார்கள். அதைக் கரைப்பது அசிட்டோன், அது பெயின்டையும் கெடுக்கும். சூடான சோப்புத் துணியைப் பலமுறை போட்டு ஊறவைத்தால் ஓரங்களில் அதன் பிடி தளரும். வருகிற அளவுக்கு எடுங்கள். வராத பசை மேட்டை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில், ஒரு சின்ன ரப்பர் துண்டைச் சுற்றி, தண்ணீர் விட்டு, மேட்டின் மேல் மட்டும் தேய்த்துப் பெயின்ட் மட்டத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, பிறகு பாலிஷ் போடுங்கள். இந்த ஒரு வேலையில் கைப்பழக்கம் இல்லையென்றால் பெயின்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சிலிகானை வீட்டில் இருக்கும் எந்தத் திரவமும் முழுதாகக் கரைக்காது. நூலால் அறுத்து, விரலால் உருட்டியே எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பின்னால் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அங்கே சிலிகான் இருந்ததைப் பெயின்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருந்தாலும் புதுப் பெயின்ட் அங்கே ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும்.

வைசரிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டியவை

வண்டியின் முன்கண்ணாடியும் ஹெல்மெட் வைசரும் உண்மையில் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். மேலே சொன்ன திரவங்களில் பல இவற்றில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அதில் போகாவிட்டால் குழந்தைகளுக்கான எண்ணெய், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் ஓடு பாலிகார்பனேட்டாக இருந்தால், கரைப்பான் பட்டு அது உள்ளுக்குள் பலவீனமாவது வெளியே தெரியாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற மெத்தையும் அதிகச் சூட்டில் சுருங்கிவிடும். ஆகவே கேமரா மவுண்டைக் கழற்ற வெதுவெதுப்பான துணியும் நூலும் மட்டும். ஹேர் டிரையரும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. நுரையின் மெல்லிய படலம் கடைசிவரை போகவில்லையென்றால் ஹெல்மெட்டில் அதை அப்படியே விட்டுவிடுங்கள். யாராவது ஏற்கெனவே தின்னர் போட்டுத் துடைத்து, ஓட்டில் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிந்தால், அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.